பழைய ஆர்கேட் பட்டன், ஜாய்ஸ்டிக் சுவிட்ச் பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு போட்டு, நின்றுகொண்டே ஆடும் பெரிய மரப்பெட்டி (கேபினெட்) விளையாட்டுகள், அதாவது ஆர்கேட் விளையாட்டுகள், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கொடிகட்டிப் பறந்தது 1970களின் கடைசியிலும் 1980களிலும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978), ஆஸ்டராய்ட்ஸ் (1979), பேக்-மேன் (1980), டிஃபென்டர் (1981), ரோபோட்ரான் (1982) எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. இன்று அவற்றை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது பட்டனையும் ஜாய்ஸ்டிக்கையும் பற்றித்தான். இந்தப் பக்கம் சுவிட்சுகளுக்கு மட்டும். சென்டிபீட் விளையாட்டின் டிராக்பால் (உருட்டும் பந்து), டெம்பெஸ்ட் விளையாட்டின் சுழலும் குமிழ் இரண்டும் ஒளியை வைத்து வேலை செய்பவை, அவை வேறு கதை.

பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. சுவிட்ச் போய்விட்டது, புதிது வாங்க வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். சுவிட்சே கெட்டுப்போயிருப்பதைவிட அதற்குப் போகும் வயர் விட்டுப்போயிருப்பதும், கான்டாக்டில் (சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் உலோக முனை) அழுக்கு படிந்திருப்பதும், சுவிட்ச் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருப்பதும்தான் அதிகம்.

முதலில் இந்தச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், மிகவும் எளிது. விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் போர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு இன்புட் உண்டு, அந்த இன்புட்டை ஒரு ரெசிஸ்டர் (பெரும்பாலும் 1 கிலோ ஓமிலிருந்து 10 கிலோ ஓமுக்குள்) 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். பட்டனை அமுக்கினால் சுவிட்ச் அந்த வயரைக் கிரவுண்டோடு சேர்க்கும், வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு விழும், போர்டு "அமுக்கிவிட்டான்" என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

எனவே சோதனையும் எளிது. கேபினெட்டை ஆன் செய்து, கன்ட்ரோல் பேனலை (பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் பதித்த பலகை) மட்டும் திறந்து, அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயர் துண்டால் ஒரு கணம் தொட்டுச் சேர்த்துப் பாருங்கள். கப்பல் சுட்டால் போர்டும் வயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சுவிட்சில். சுடவில்லை என்றால் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பவர் சப்ளையின் கிரவுண்டிலும் சிவப்பு முனையைச் சுவிட்சின் சிக்னல் வயரிலும் வையுங்கள். 5 வோல்ட் பக்கம் காட்டினால் சிக்னல் வயர் போர்டு வரை போகிறது, அநேகமாகக் கிரவுண்டு வயரில்தான் பிரச்சினை. ஒன்றுமே காட்டவில்லை என்றால் சிக்னல் வயரோ போர்டின் கனெக்டரோ விட்டிருக்கிறது. சேர்த்துத் தொடுவது அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளை மட்டும்தான். பட்டனுக்குள் பல்ப் இருந்தால் அதற்கென்று தனி வயர்கள் வரும், அவற்றைத் தொட்டு விளையாடாதீர்கள்.

டெஸ்ட் மோடு என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

மெஷின் தன்னைத்தானே சோதித்துத் திரையில் காட்டும் நிலை அது. நிறைய கேபினெட்டுகளில் காசுக் கதவுக்கு உள்பக்கம் ஒரு சின்ன சுவிட்சாக இருக்கும், சில போர்டுகளில் டிப் சுவிட்சில் (போர்டிலேயே வரிசையாக இருக்கும் குட்டிச் சுவிட்சுகள்) ஒன்று. வில்லியம்ஸ் கம்பெனியின் டிஃபென்டர், ரோபோட்ரான் போன்றவற்றில் காசுக் கதவுக்குள்ளே "அட்வான்ஸ்" என்று ஒரு பட்டனும், "ஆட்டோ அப் / மேனுவல் டவுன்" என்று இன்னொரு சுவிட்சும் இருக்கும், அவற்றை வைத்து ஒவ்வொரு சோதனையாக நகர்ந்தால் சுவிட்ச் சோதனை வரும். அதில் எந்தச் சுவிட்ச் மூடியிருக்கிறதோ அதன் பெயர் திரையில் வரும். விளையாடிப் பார்த்துச் சந்தேகப்படுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். பட்டனை மெதுவாக, பாதி மட்டும் அமுக்கி, விரலை நடுக்கிப் பார்க்கலாம். எங்கே விட்டுவிட்டு வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரே நாளில் மூன்று பட்டன் ஒன்றாகச் செத்துவிட்டன. இது எப்படி?

மூன்று சுவிட்சும் பேசிவைத்துக்கொண்டு சாகாது. கிரவுண்டு வயரைப் பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் கிரவுண்டு ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தாவித் தாவிப் போகும், திருவிழா சீரியல் செட் மாதிரி. நடுவில் ஒரு லக் (வயர் மாட்டும் உலோக முனை) கழன்றாலோ சால்டர் விட்டாலோ அதற்கு அப்புறம் இருக்கும் எல்லாம் இருட்டு. வரிசையில் கடைசியாக வேலை செய்யும் சுவிட்சுக்கும் முதலாவதாகச் செத்ததற்கும் நடுவில் தேடுங்கள்.

வயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கன்ட்ரோல் பேனல் திறந்து மூடும்போது மடியும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில், அதாவது இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் நிலையில், வைத்து (பவரை நிறுத்திவிட்டு) வயரை ஆட்டிக்கொண்டே பாருங்கள்.

என்னுடையது லீஃப் சுவிட்சா மைக்ரோ சுவிட்சா?

அமுக்கிப் பாருங்கள். "டிக்" என்று சத்தம் வந்தால் மைக்ரோ சுவிட்ச். சத்தமே இல்லாமல் மெத்தென்று போனால் லீஃப்.

லீஃப் சுவிட்ச் என்பது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் குமிழ் போல கான்டாக்ட், அடியில் இன்சுலேட்டர் துண்டுகளோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிய அடுக்கு. பட்டனின் அடிக்கட்டை நீளமான தகட்டைத் தள்ளும், அது போய் அடுத்த தகட்டைத் தொடும். உள்ளே ஒளிந்திருப்பது ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணெதிரே.

மைக்ரோ சுவிட்ச் ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே வளைந்த ஒரு ஸ்பிரிங், குறிப்பிட்ட இடம் வரை அமுக்கியதும் சட்டென்று மறுபக்கம் தாவும். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட்டில் மெக்கால் என்பவர் 1932இல் கண்டுபிடித்த ஏற்பாடு அது, ஆர்கேடுக்கெல்லாம் ரொம்ப முந்தியது. "மைக்ரோ சுவிட்ச்" என்பதே முதலில் அதைச் செய்து விற்ற கம்பெனியின் பெயர்தான், 1950இல் அதை ஹனிவெல் வாங்கியது.

1980களின் முதல் பாதியில் வந்த அமெரிக்க கேபினெட்டுகளில் லீஃப்தான் அதிகம். அதற்குப் பிறகு மைக்ரோ சுவிட்ச் மெல்ல இடம் பிடித்தது, 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வரும்போது லீஃப் கிட்டத்தட்டப் பழங்கதை. ஜப்பானின் சன்வா, செய்மிட்சு கம்பெனிகள் இரண்டின் இன்றைய ஜாய்ஸ்டிக்குகளும் மைக்ரோ சுவிட்ச் வைத்தவையே.

ஷாக் அடிக்குமா?

பட்டன் சுவிட்சில் இருப்பது 5 வோல்ட், அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதே பெட்டிக்குள் இருக்கும் மானிட்டர் வேறு ஜாதி. 19 அங்குலக் கலர் பிக்சர் டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட் பக்கம் இருக்கும், பவரை நிறுத்திய பிறகும் நீண்ட நேரம் தேங்கி நிற்கலாம். மேலே விளம்பரப் பலகைக்குப் பின்னால் இருக்கும் டியூப்லைட்டுக்கு நேரடி மின்சாரம் போகிறது. பேனலைக் கழற்றும்போது கை உள்ளே ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயர்மேல் விழுந்து கிடக்கும் ஸ்க்ரூவை எடுக்கப் போய் மானிட்டர் கழுத்தில் இடிக்க வேண்டாம்.

அட்டாரி கேபினெட்டுகளில் கதவைத் திறந்தால் பவரை நிறுத்தும் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் உண்டு. அதை வெளியே இழுத்துவிட்டால் கதவு திறந்திருந்தாலும் பவர் ஓடும், மெக்கானிக்குகளுக்காக வைத்த வசதி. உங்களுக்கு முன்னால் யாராவது இழுத்துவிட்டுப் போயிருக்கலாம். எனவே "கதவு திறந்திருக்கிறது, பவர் இருக்காது" என்று நம்பாதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து இறக்கிய கேபினெட் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சுவிட்ச் பழுதைப் பற்றிக் கவலைப்படும் அவசியமே இருக்காது.

லீஃப் சுவிட்சைச் சுத்தம் செய்வது எப்படி?

ஒரு வெற்று விசிட்டிங் கார்டு, கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால். கார்டின் ஒரு ஓரத்தை அதில் நனைத்து இரண்டு கான்டாக்டுக்கும் நடுவில் நுழைத்து, பட்டனை லேசாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு கார்டை இழுங்கள். கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை புது இடத்தால் திரும்பச் செய்யுங்கள், கடைசியில் காய்ந்த ஓரத்தால் ஒரு முறை. பளபளப்பான, மெழுகு பூசிய கார்டு ஆகாது, கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். நார் உரியும் காகிதமும் ஆகாது, அந்த நாரே நடுவில் நின்று அடுத்த பிரச்சினையாகும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் வேலை முடியுமே?

கான்டாக்டும் சீக்கிரம் முடியும். ஆர்கேட் பட்டனில் போகும் கரண்ட் மிகச் சொற்பம், ரெசிஸ்டரைப் பொறுத்து ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர், போனால் ஐந்து. இவ்வளவு குறைந்த கரண்டுக்கு மேற்பரப்பு சுத்தமாகவும் துருப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும் என்றுதான் வெள்ளியோ மெல்லிய தங்கப் பூச்சோ வைத்தார்கள். தங்கப் பூச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், அரத்தை ஒரு தடவை ஓட்டினால் போயே போய்விட்டது. அன்றைக்கு நன்றாக வேலை செய்யும், சில மாதத்தில் பழையபடி விட்டுவிட்டு வரும்.

அரம் போடச் சொல்லும் அறிவுரை பின்பால் ஆட்களிடமிருந்து வந்தது. பழைய பின்பால் மெஷின்களில் (உலோகக் குண்டை அடித்து ஆடும் விளையாட்டு) குண்டை அடிக்கும் துடுப்பான ஃப்ளிப்பரின் காயிலுக்குப் போகும் பெரிய கரண்ட் டங்ஸ்டன் கான்டாக்ட் வழியாக ஓடும், பொறி பறந்து கரியும், டங்ஸ்டன் கெட்டியானது என்பதால் அரம் போடலாம், போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வழக்கத்தை அப்படியே பேக்-மேன் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

டபிள்யூ.டி.-40 அடிக்கலாமா?

வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கான்டாக்டுக்கென்றே விற்கும் கிளீனர் வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் கார்டில் ஒரு துளி விட்டுத் தடவினால் போதும்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை. தகட்டை வளைத்துச் சரிசெய்யச் சொல்கிறார்கள். எங்கே, எவ்வளவு வளைப்பது?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். இதைச் சரியாகச் செய்தால் நாற்பது வருடப் பழைய சுவிட்ச் புதிது போல ஆகும், தப்பாகச் செய்தால் தகடு உடையும்.

தகட்டைத் தொடுவதற்கு முன்னால் அடுக்கின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பல வருட அதிர்வில் அவை தளர்ந்திருக்கும், இன்சுலேட்டர் துண்டுகளும் காய்ந்து கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஸ்க்ரூ தளர்ந்த சுவிட்சை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் நாளைக்குக் கலைந்துவிடும். நிறைய நேரம் இறுக்கியதுமே இடைவெளி தானாகச் சரியாகிவிடும், வளைக்கும் வேலையே இருக்காது.

அடுத்து, பட்டனை பேனலோடு பிடிக்கும் நட்டைப் பாருங்கள். அது தளர்ந்தால் பட்டன் சுற்றிக்கொள்ளும், சுவிட்சைத் தாங்கும் பிடியும் கூடவே திரும்பும், அடிக்கட்டை தகட்டின் நடுவில் இடிக்காமல் ஓரமாகத் தள்ளும் அல்லது தொடவே தொடாது. இந்த நிலையில் தகட்டை வளைப்பவர்கள் இல்லாத நோய்க்கு மருந்து போடுகிறார்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் இடைவெளி தப்பாக இருந்தால் அப்போது வளையுங்கள். வளைக்கும் இடம் அடிப்பக்கம், அடுக்கிலிருந்து தகடு வெளியே வரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி. நுனியில் வளைத்தால் கான்டாக்டுகள் ஒன்றுக்கொன்று கோணலாகி, முகம் முகத்தோடு படாமல் ஓரம் மட்டும் படும். இதற்கென்று நுனியில் பிளவு வைத்த ஒரு சின்னக் கம்பிக் கருவி விற்கிறார்கள், தகட்டைப் பிளவுக்குள் விட்டு லேசாகத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் மெல்லிய நோஸ் பிளையர் போதும். ஒரே இழுப்பில் வேண்டாம், கொஞ்சம் வளைத்து அமுக்கிப் பார்த்து, திரும்பவும் கொஞ்சம். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பல தடவை வளைத்தால் உலோகம் களைத்து முறிந்துவிடும்.

இடைவெளி சுமார் 1.5 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். அதைவிட முக்கியம், தொட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது. பட்டன் அடிமட்டம் வரை போகும்போது கான்டாக்டுகள் தொட்டதோடு நிற்கக் கூடாது, முதல் தகடு இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அந்த ஓட்டத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு உரசும். இந்த உரசல்தான் சுவிட்சைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்கிறது. உரசல் இல்லாமல் "தொட்டும் தொடாமலும்" நிற்கும் சுவிட்ச் இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாதம் திரும்பவும் கார்டும் கையுமாக உட்கார வைக்கும்.

மிகவும் நெருக்கி வைப்பவர்களும் உண்டு, வேகமாகச் சுடலாம் என்று. ஓரளவுக்குச் சரிதான். ஆனால் பேனலில் கையை ஓங்கி வைத்தாலே சுவிட்ச் மூடிக்கொள்ளும் அளவுக்குப் போனால், டிஃபென்டரில் நீங்கள் கேட்காமலேயே ஸ்மார்ட் பாம் வெடிக்கும்.

ரோபோட்ரானில் குறுக்குத் திசையில் சுட முடியவில்லை, நேர்த்திசை எல்லாம் சரியாக இருக்கிறது.

அந்த விளையாட்டில் இரண்டு ஜாய்ஸ்டிக், இடது கையால் நகர்வது, வலது கையால் சுடுவது. (வடிவமைத்த யூஜின் ஜார்விஸ் ஒரு கார் விபத்தில் கை அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்த சமயம், பட்டன் அமுக்குவதைவிடக் குச்சியைத் தள்ளுவது வசதியாக இருந்தது என்பது இதற்குப் பின்னால் இருக்கும் கதை.) ஒரு ஜாய்ஸ்டிக்கில் நான்கே சுவிட்ச்தான், குறுக்குத் திசைக்குத் தனிச் சுவிட்ச் கிடையாது. மேல், வலது இரண்டும் ஒரே சமயத்தில் மூடினால் அது மேல்-வலது.

குறுக்கே தள்ளும்போது குச்சி ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைவான தூரமே போகிறது. நேராகத் தள்ளும்போது சரியாகப் படும் சுவிட்ச் குறுக்கே தள்ளும்போது எட்டாமல் போவது அதனால்தான். டெஸ்ட் மோடில் வைத்து, குச்சியை மூலைக்கு மெதுவாகத் தள்ளி, இரண்டு பெயரும் வருகிறதா என்று பாருங்கள். பின்தங்கும் தகட்டை மட்டும் கொஞ்சம் முன்னே கொண்டுவாருங்கள். நான்கையும் ஒரே இடைவெளியில் கொண்டுவந்துவிட்டு அப்புறம் நுணுக்கமாகப் போவது நல்லது. கண்ணால் பார்த்துச் சமமாக இருக்கிறது என்பது போதாது, நான்கு மூலையும் திரையில் வர வேண்டும்.

நடுவில் இருக்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ தளர்ந்து குச்சி சாய்ந்து நின்றால் என்ன வளைத்தும் பயனில்லை, முதலில் அதை மாற்றுங்கள்.

பேக்-மேன் மூலையில் திரும்ப மறுக்கிறது. இதுவும் சுவிட்சா?

அநேகமாக இல்லை. பேக்-மேனும் டான்கி காங்கும் நான்கு திசை விளையாட்டுகள். யாரோ எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கை மாட்டியிருப்பார்கள், நீங்கள் மூலையில் குச்சியை நகர்த்தும்போது ஒரு கணம் இரண்டு சுவிட்ச் ஒன்றாக மூடுகிறது, விளையாட்டு குழம்புகிறது. குச்சி குறுக்கே போகாதபடி தடுக்கும் தகட்டைப் போட்டால் சரியாகிவிடும். சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள், பாவம்.

தகடு உடைந்துவிட்டது, அல்லது கான்டாக்ட் குமிழ் கழன்று விழுந்துவிட்டது. முழு சுவிட்சும் வாங்க வேண்டுமா?

லீஃப் சுவிட்சின் பெரிய சௌகரியம் இதுதான், அடுக்கைப் பிரித்து ஒரு தகட்டை மட்டும் மாற்றலாம். பிரிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தகடு மேலே, எந்த இன்சுலேட்டர் எங்கே, ஸ்க்ரூவைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் குழாய் எந்தப் பக்கம். அந்தக் குழாயை விட்டுவிட்டால் ஸ்க்ரூவே இரண்டு தகட்டையும் சேர்த்து, பட்டன் நிரந்தரமாக அமுக்கியபடி ஆகிவிடும். மாற்றுத் தகட்டின் தடிமன் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், தடித்ததைப் போட்டால் பட்டன் கல்லாக இருக்கும். குமிழ் மட்டும் போயிருந்தால் பழைய உதிரிச் சுவிட்சிலிருந்து அந்தத் தகட்டையே எடுத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம். சால்டர் வைத்துக் குமிழை ஒட்டப் பார்க்காதீர்கள், நிற்காது.

வயரைத் திரும்பப் பற்றவைக்கும்போது லக்கைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் போட்டு, சட்டென்று முடியுங்கள்.

மைக்ரோ சுவிட்சைத் திறந்து பழுது பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெளியே குதித்தால் அறை முழுக்கத் தேட வேண்டும், திரும்பப் பொருத்தினாலும் பழைய "டிக்" வராது. விலை குறைவான பொருள், மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆர்கேடில் வருவது பெரும்பாலும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் நீளமுள்ள பொது அளவு, மைக்ரோவேவ் அடுப்புக் கதவிலும் அதே அளவுதான் இருக்கிறது. எனவே சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் அந்த உருவத்தில் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் உருவம் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று அல்ல. அடுப்புக்கு வருவது 15, 16 ஆம்பியர் தாங்கும், கடுமையான ஸ்பிரிங் உள்ள, வெள்ளிக் கான்டாக்ட் வைத்த சுவிட்ச். பெரிய கரண்ட் ஓடும்போது வரும் சின்னப் பொறி அந்த வெள்ளியின்மேல் படியும் அழுக்குப் படலத்தை எரித்துச் சுத்தமாக்கிக்கொண்டே இருக்கும். 5 வோல்ட், 1 மில்லி ஆம்பியரில் அந்தப் பொறி கிடையாது, எனவே படலம் அப்படியே நின்று, ஒருநாள் விட்டுவிட்டு வர ஆரம்பிக்கும். "16 ஆம்பியர் சார், ஹெவி டியூட்டி" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் நமக்கு அது மைனஸ். குறைந்த கரண்டுக்கான, தங்கப் பூச்சுக் கான்டாக்ட் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் லேசான விசையில் அமுங்குவதையாவது எடுங்கள். ஆம்ரான் போன்ற கம்பெனிகள் இரண்டு வகையும் செய்கின்றன.

லக் அகலத்தையும் பாருங்கள். அமெரிக்க பாணிச் சுவிட்சுக்கு 4.8 மில்லிமீட்டர், ஜப்பானியப் பட்டனுக்கு 2.8. பழைய சுவிட்சில் நெம்புகோல் இருந்தால் புதியதிலும் அதே நீளத்தில், அதே பக்கம் இருக்க வேண்டும்.

புது மைக்ரோ சுவிட்ச் போட்டேன். இப்போது அமுக்காதபோது சுடுகிறது, அமுக்கினால் நிற்கிறது!

மூன்று முனை இருக்கும்: காமன், சாதாரணமாகத் திறந்திருப்பது, சாதாரணமாக மூடியிருப்பது. பெட்டியிலேயே சி.ஓ.எம்., என்.ஓ., என்.சி. என்று அச்சிட்டிருப்பார்கள். வயரை என்.சி.யில் மாட்டியிருக்கிறீர்கள். என்.ஓ.வுக்கு மாற்றுங்கள்.

ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை சுடுகிறது.

எந்தச் சுவிட்சும் மூடும்போது சில மில்லி செகண்டுகள் துள்ளும், அது இயல்பு. பழைய விளையாட்டுகள் பலவும் பட்டனைத் திரையின் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு முறை, அதாவது சுமார் 16 மில்லி செகண்டுக்கு ஒரு முறை பார்ப்பவை, அந்தச் சின்னத் துள்ளல் அவற்றுக்குத் தெரியாது. இரண்டாகச் சுடும் அளவுக்குத் துள்ளுகிறது என்றால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது அல்லது லீஃப் தகடு இறுக்கம் இழந்து ஆடுகிறது. சில லீஃப் சுவிட்சில் முதுகுக்கு ஒரு குட்டைத் தகடு வைத்திருப்பார்கள், அது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லீஃபை எல்லாம் கழற்றிவிட்டு மைக்ரோ சுவிட்சுக்கு மாறிவிடலாமா? பராமரிப்பே வேண்டாமே.

உங்கள் பெட்டி, உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் மாறாதீர்கள் என்பேன், பழமைப் பற்று மட்டும் காரணமில்லை. ஆஸ்டராய்ட்ஸில் ஐந்து பட்டன்: இடம், வலம், உந்துதல், சுடுதல், ஹைப்பர்ஸ்பேஸ். கப்பலை இம்மியளவு திருப்ப பட்டனைத் தட்டியும் தட்டாமலும் விடுவோமே, அது லீஃபில் விரலுக்கு வசப்படுகிறது. எந்த இடத்தில் மூட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம், மைக்ரோ சுவிட்சில் அதை கம்பெனி முடிவு செய்துவிட்டது. கொனாமியின் டிராக் அண்ட் ஃபீல்டு (1983) மாதிரி ஓடுவதற்குப் பட்டனை வெறிபிடித்துத் தட்ட வேண்டிய விளையாட்டிலும் லேசாகப் போய் லேசாக வருவதுதான் கைக்கு இதம். (ஜப்பானில் பிள்ளைகள் ஸ்கேலை அதிரவைத்துத் தட்டினார்கள், அந்தப் பட்டன்களின் கதியை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது.)

சண்டை விளையாட்டுக்கு மைக்ரோ சுவிட்ச் நல்லதுதான், அவை அதற்கென்றே வந்தவை. பழைய பேனலில் மாற்றியே தீருவேன் என்றால் ஒன்றே ஒன்று: துளையைப் பெரிதாக்காதீர்கள். அமெரிக்கப் பட்டனுக்கு ஏறக்குறைய 28.5 மில்லிமீட்டர் துளை, ஜப்பானியப் பட்டனுக்கு 30. அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்காக ஒரிஜினல் பேனலில் டிரில் போட்டால் திரும்ப வழியில்லை.

பெர்செர்க் ஜாய்ஸ்டிக்கில் சுவிட்சே காணோம்!

ஸ்டெர்ன் கம்பெனியின் பெர்செர்க் (1980) முதலில் ஒளியை வைத்து வேலை செய்யும் ஜாய்ஸ்டிக்கோடு வந்தது. அதிகமாகப் பழுதானதால் பிறகு விகோ கம்பெனியின் லீஃப் ஜாய்ஸ்டிக்குக்கு மாறினார்கள். உங்களுடையது முதல் வகை. அதிலும் ஒளி போகும் வழியில் அடைத்திருக்கும் தூசியை முதலில் எடுங்கள். அப்படியும் சரிப்படாவிட்டால் அந்தக் காலத்து ஆட்கள் செய்தது போல லீஃப் ஜாய்ஸ்டிக்குக்கு மாறலாம், தப்பில்லை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் குத்து எல்லாம் சரி, உதை மூன்றும் இரண்டு பேருக்கும் வேலை செய்யவில்லை.

ஆறு சுவிட்சையும் கழற்றாதீர்கள். போர்டையும் கேபினெட்டையும் சேர்க்க 1985இல் வந்த பொது இணைப்பான ஜாமாவில் 56 முனைகள், வழக்கமாக ஒரு ஆளுக்கு மூன்று பட்டன் வரைதான். உதைகள் போர்டில் வேறொரு தனிக் கனெக்டர் வழியாக வருகின்றன. அது கழன்றிருக்கிறது, அல்லது யாரோ மாட்டவே இல்லை.

காசு போட்டால் கிரெடிட் ஏறவில்லை. அதுவும் சுவிட்ச்தானா?

ஆமாம், காசு விழும் பாதையில் மெல்லிய நீளக் கம்பி வைத்த ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கும். கம்பி வளைந்து காசின் வழியைவிட்டு விலகியிருக்கும், அல்லது அமுங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். சில போர்டுகள் காசுச் சுவிட்ச் அளவுக்கு மீறி நேரம் மூடியிருந்தால் ஏமாற்று வேலை என்று கிரெடிட் தராது, எனவே அமுங்கியே நிற்பதும் திறந்தே நிற்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். விரலால் கம்பியை லேசாகத் தட்டி "டிக்" கேட்கிறதா என்று பாருங்கள். வளைக்க வேண்டியிருந்தால் சுவிட்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கம்பியை மட்டும் வளையுங்கள், இல்லையென்றால் கம்பி உட்காரும் பிளாஸ்டிக் காது உடைந்துவிடும். வளைத்த பிறகு விரலால் தள்ளிப் பார்ப்பது போதாது, உண்மையான காசையே சில தடவை போட்டுப் பாருங்கள். காசு விழும் வேகத்தில் கம்பி முழுதாக அமுங்க வேண்டும், திரும்பி மேலே வரவும் வேண்டும்.